பஸ் மாடலில் டீக்கால்: மை ஏன் கரைகிறது, ஓரம் ஏன் வெள்ளியாய் மின்னுகிறது?

கேள்வி: ஃபோம் ஷீட்டில் 1/24 அளவில் அரசு பஸ் மாடல் செய்து மஞ்சள் மேட் (பளபளப்பில்லாத) பெயின்ட் அடித்திருக்கிறேன். ‘மயிலாடுதுறை – கும்பகோணம்’ போர்டையும் பக்கவாட்டு எழுத்துகளையும் வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் டீக்கால் தாளில் (தண்ணீரில் நனைத்தால் அச்சிட்ட மெல்லிய படம் மட்டும் பிரிந்து வரும் ஒட்டுத்தாள்) எடுத்தேன். தண்ணீரில் போட்டதும் சில கரைந்துவிட்டன. ஒட்டியவற்றைச் சுற்றி வெள்ளியாய் மின்னுகிறது. என்ன செய்வது?
– வாசகர், மயிலாடுதுறை

பதில்: இரண்டு கோளாறும் தண்ணீரைத் தொடும் முன்பே ஏற்பட்டுவிட்டவை.

வீட்டு இங்க்ஜெட் மை பெரும்பாலும் தண்ணீரில் கரையும். பிரிண்ட் எடுத்ததும் ஒரு மணி நேரமாவது காயவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை என்றால் ஓர் இரவு. பிறகு கிளியர் அக்ரிலிக் ஸ்பிரேயை 25 செ.மீ. தள்ளிப் பிடித்து மூன்று மெல்லிய கோட்டிங், இடையில் 15 நிமிடம். முதல் கோட்டிங் தூசி படிந்ததுபோல் இருந்தால் போதும். நனைய அடித்தால் அங்கேயே எழுத்து கசியும். அடைமழை நாளில் ஸ்பிரே டப்பாவைத் தொடவே வேண்டாம். கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து, கோட்டிங் பால்போல் வெளுத்துவிடும். வெட்டும்போது எழுத்தைச் சுற்றி 1 மி.மீ. விடுங்கள், மையின் மேலேயே கத்தரி பட்டால் அந்த ஓரத்தில் தண்ணீர் ஏறும்.

வீட்டுப் பிரிண்டர் வெள்ளை அச்சடிக்காது, மற்ற மைகளும் கண்ணாடிபோல்தான். டிரான்ஸ்பரன்ட் தாளில் எடுத்த நீல எழுத்தை மஞ்சள் பாடி மேல் ஒட்டினால் பச்சையாகத் தெரியும். கறுப்பு எழுத்துக்கு டிரான்ஸ்பரன்ட், மற்ற நிறங்களுக்கு வெள்ளை டீக்கால் தாள்.

இனி அந்த வெள்ளி மினுக்கம். மேட் பெயின்ட்டின் மேடுபள்ளங்களுக்குள் சிக்கிய காற்றுதான் அது. ஒட்டும் இடத்தில் கிளாஸ் கிளியர் (பளபளப்பான, நிறமில்லாத பூச்சு) அடித்து ஒரு நாள் காயவிட்டால் பரப்பு வழவழப்பாகும், காற்றுக்கு இடமிருக்காது. மேட் வேண்டுமென்றால் எல்லாம் முடிந்தபின் மேலே மேட் கிளியர் அடித்துக்கொள்ளலாம்.

டெல்டாவில் பல ஊர்களின் போர் தண்ணீர் உப்பு. காய்ந்ததும் வெள்ளைத் திட்டு விடும், அதையும் மினுக்கம் என்று நினைத்துவிடுவோம். பேட்டரி கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரை வெதுவெதுப்பாக்கி 20 விநாடி முக்குங்கள். எடுத்து டிஷ்யூவில் ஒரு நிமிடம் வையுங்கள். விரலால் லேசாகத் தள்ளினால் படம் நகர வேண்டும். நகராவிட்டால் இன்னும் அரை நிமிடம், இழுக்கக் கூடாது. படம் தானாகப் பிரிந்து மிதக்கும்வரை ஊறவிட்டால் பசை தண்ணீரோடு போய்விடும். ஒட்டும் இடத்தில் ஒரு சொட்டு தண்ணீர் வைத்து, தாளிலிருந்து நேரே நகர்த்தி, நடுவிலிருந்து ஓரத்துக்கு ஈரப் பிரஷ்ஷால் தண்ணீரை வெளியேற்றுங்கள்.

ஜன்னலுக்குக் கீழே ஓடும் பீடிங் (புடைத்த பட்டை) மேல் படம் வந்தால் மைக்ரோ சால் போன்ற, படத்தை இளக்கும் சாஃப்ட்னர் தடவலாம். படம் சுருங்கிப் பயமுறுத்தும். கை வைக்காதீர்கள், காயும்போது படிந்துவிடும். ஆனால் ஸ்பிரே அடித்த வீட்டு டீக்காலை அது சில நேரம் வெடிக்க வைக்கும் என்பதால், கழித்த துண்டில் முதலில் சோதியுங்கள்.

இப்போது மின்னுகிறவற்றை ஊசி முனையால் நாலைந்து இடத்தில் குத்தி, சாஃப்ட்னர் ஒரு சொட்டு விட்டு ஓர் இரவு விடுங்கள், பெரும்பாலும் அடங்கும். கரைந்தவற்றைக் காப்பாற்ற வழியில்லை. ஈர டிஷ்யூவைப் பத்து நிமிடம் போர்த்தி, விரல் நுனியால் தேய்த்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கிளாஸ் அடித்துப் புதிதாக ஒட்டுங்கள். செல்லோடேப் போட்டு உரித்தால் ஃபோம் ஷீட்டிலிருந்து பெயின்ட்டும் சேர்ந்து வரும்.