மேலே ஜில், கீழே அனல்: மலைக் கார்களின் ஏசி கேள்வி-பதில்

நீலகிரியில் கார் ஏசி பழுதானால் பல மாதம் யாருக்கும் தெரிவதில்லை. ஏப்ரலில் கோயம்புத்தூரில் ஒரு கல்யாணம் வரும், குடும்பத்தோடு கிளம்புவோம், பர்லியாறு தாண்டியதும் பின்சீட்டிலிருந்து குரல் வரும்: "ஏசி போட்டாச்சா இல்லையா?" இந்த முறை வந்த கடிதங்களும் பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

டிசம்பரில் கோத்தகிரியில் கேஸ் நிரப்பினேன். அங்கே நன்றாகக் குளிர்கிறது. மேட்டுப்பாளையம் இறங்கியதும் வெறும் காற்றுதான் வருகிறது. இன்னும் கொஞ்சம் கேஸ் ஏற்றிப் பார்க்கலாம் என்கிறார்கள். ஏற்றலாமா?

ஏற்றாதீர்கள். உங்கள் வண்டியில் கேஸ் குறைவாக அல்ல, அதிகமாக இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

கேஸின் அழுத்தம் வெளி வெப்பத்தைப் பொறுத்தது. நிறுத்தி வைத்த காரில், ஏசியில் ஓடும் ஆர்-134ஏ கேஸ் 10 டிகிரி குளிரில் 50 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு) கூடக் காட்டாது. அதே கேஸ், ஒரு கிராம்கூடச் சேர்க்காமல், 35 டிகிரி வெயிலில் 110-ஐத் தாண்டும். டிசம்பர் காலையில் கேஜ் முள் தாழ்ந்து நிற்பதைப் பார்த்து, "கம்மியா இருக்கு" என்று மேலும் மேலும் ஏற்றிவிடுவார்கள். மலையில் பிரச்சினை வராது. சமவெளி வெயிலில் அழுத்தம் எகிறும், பிரஷர் சுவிட்ச், கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரஸரை நிறுத்திவிடும், உங்களுக்கு வெறும் காற்று வரும்.

முதலில் செலவில்லாமல் ஒன்றைப் பாருங்கள். கீழே இறங்கி நிறுத்தி, இன்ஜின் ஓடும்போதே பானெட்டைத் திறந்து, ஏசியை முழுக் குளிரில் வையுங்கள். கையும் துப்பட்டாவும் பெல்ட் பக்கம் போக வேண்டாம். கேஸின் சூட்டை வெளியே விடும் கண்டன்சருக்கான ஃபேன் சுற்றுகிறதா? சுற்றவில்லை என்றால் ஃப்யூஸ், ரிலே, மோட்டார் என்று அங்கிருந்து தொடங்குங்கள். ஃபேன் நின்றாலும் இதே கோளாறுதான் வரும். சில்வர் ஓக் சருகு கண்டன்சர் முன்னால் அடைத்திருந்தாலும் அப்படித்தான். ஃபேன் நன்றாகச் சுற்றியும், கம்ப்ரஸர் முகப்பில் அதை பெல்ட்டோடு இணைக்கும் கிளட்ச் 'டக்' என்று பிடித்து, சில நொடியில் விட்டு, மறுபடி பிடித்தால் அழுத்தத்தில்தான் கோளாறு. (புதிய கார்கள் சிலவற்றில் கிளட்சே கிடையாது, அதில் இந்தச் சத்தத்தைத் தேட வேண்டாம்.)

சரி, என்ன செய்வது? இருக்கும் கேஸை முழுவதும் மெஷினில் எடுத்துவிட்டு, வேக்குவம் போட்டு (உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி), எடை பார்த்து நிரப்பச் சொல்லுங்கள். எத்தனை கிராம் என்று பானெட்டுக்கு அடியில் ஸ்டிக்கர் இருக்கும். மலையில் தராசு இல்லாத கடையில் கேஸ் நிரப்பவே நிரப்பாதீர்கள். பழைய கேஸைக் காற்றில் 'புஸ்' என்று திறந்து விடவும் அனுமதிக்காதீர்கள். பூமியைச் சூடாக்குவதில் அது கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் மோசமானது. சோலைக்காட்டுக்குப் பக்கத்தில் குடியிருக்கிற நாம் அதைச் செய்யலாமா?

ஊட்டியில் சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். வேக்குவம் பம்ப் எவ்வளவு ஓடினாலும் முள் 23 அங்குலத்தைத் தாண்டவில்லை. 29-க்கு வர வேண்டும் என்று படித்தேன். லீக்கா, பம்ப் கோளாறா?

இரண்டும் இல்லை தம்பி. 29 என்பது கடல் மட்டத்துக் கணக்கு. ஆயிரம் அடி ஏறினால் சுமார் ஓர் அங்குலம் குறையும். ஊட்டி 7,300 அடிக்கு மேல். உங்கள் முள் சரியாகத்தான் காட்டுகிறது. வால்வுகளை மூடி இருபது நிமிடம் விட்டுப் பாருங்கள். முள் அசையவில்லை என்றால் பெரிய லீக் இல்லை. உள்ளே மிஞ்சிய அழுத்தத்தை நேரடியாக அளக்கும் மைக்ரான் மீட்டர் ஒன்று வாங்கி வைத்தால் உயரத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஆனால் ஒன்று: குளிரில் உள்ளே இருக்கும் ஈரம் சீக்கிரம் ஆவியாகாது. வண்டியை வெயிலில் நிறுத்தி, பம்பைக் கூடுதல் நேரம் ஓட விடுங்கள். சந்தேகம் வந்ததும் கேஸை ஏற்றாமல் கேட்டீர்களே, அது எனக்கு ரொம்பப் பிடித்தது.

குன்னூரில் பனிக்காலம் முழுக்க ஹீட்டர் போட்டோம். இப்போது ஏசி போட்டால் வெளிக்காற்றைவிடச் சூடாக வருகிறது.

வெளிக்காற்றைவிடச் சூடு என்றால் கேஸைச் சந்தேகப்படாதீர்கள். ஹீட்டருக்கும் ஏசிக்கும் நடுவே காற்றைத் திருப்பிவிடும் ஒரு தட்டு டேஷ்போர்டுக்குள் இருக்கிறது. அது ஹீட்டர் பக்கமே சிக்கிக்கொண்டிருக்கலாம். கைப்பிடியைச் சூட்டிலிருந்து குளிருக்குத் திருப்பும்போது காதைக் கொடுத்துக் கேளுங்கள். 'டக் டக் டக்' என்றால் தட்டைத் திருப்பும் சின்ன மோட்டாரில் பல் தேய்ந்திருக்கிறது. பழைய கார்களில் கேபிள் கழன்றிருக்கும், திரும்ப மாட்டினால் போதும்.

ஊட்டியில் ஏசி எதற்கு? பெல்ட்டைக் கழற்றிவிட்டால் டீசல் மிச்சமாகுமா?

வேண்டாம். பல கார்களில் அதே பெல்ட்தான் ஆல்டர்னேட்டரையும் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது. அதோடு, ஏசி மாதக்கணக்கில் ஓடாவிட்டால் கம்ப்ரஸரின் ஷாஃப்ட் சீலுக்கு எண்ணெய் போகாமல் காய்ந்து, கேஸ் கசியத் தொடங்கும். வாரம் ஒரு நாள் பத்து நிமிடம் போடுங்கள். மழையில் முன்கண்ணாடியில் ஆவி படியும்போது ஏசியும் ஹீட்டரும் சேர்த்துப் போட்டால், நீங்கள் ஒரு வளைவு தாண்டுவதற்குள் கண்ணாடி தெளியும். அதற்காகவாவது அது வேலை செய்ய வேண்டும்.

மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஏறும்போது ஏசி விட்டுவிட்டு வருகிறது.

36 கொண்டை ஊசி வளைவுகளில் ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதிக்கிறீர்கள். இழுவை போதாதபோது காரின் கம்ப்யூட்டரே கம்ப்ரஸரைச் சிறிது நேரம் விடுவித்துவிடும். வெப்பமானி முள் வழக்கமான இடத்தில் இருந்தால் அப்படியே ஓட்டுங்கள். முள் ஏறினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுதாக வைத்து, அகலமான இடத்தில் ஒதுங்குங்கள். ரேடியேட்டர் மூடியைத் தொடாமல் அரை மணி நேரமாவது ஆற விடுங்கள். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். மூடியைத் திறந்தால் முகத்துக்குத்தான் வரும்.