பதினொரு நாள் கடையை நடத்தியது யார்?

கேள்வி: அம்மா, எனக்கு வயது 48. சொந்த ஊர் திருச்செந்தூர் பக்கம். சென்னைப் புறநகரில் 21 வருஷமாக மளிகைக் கடை வைத்திருக்கிறேன். காலை ஐந்தரைக்குப் பால் பாக்கெட்டோடு திறந்தால் இரவு பத்தரைக்குத்தான் அடைப்பேன். மதியச் சாப்பாடும் கல்லாவிலேயே. ஞாயிறு, தீபாவளி, பொங்கல் எதுவும் கிடையாது. மே 5 வணிகர் தினத்துக்குச் சங்கத்தில் அடைக்கச் சொல்வார்கள். அன்றைக்கும் பாதி ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே இருப்பேன். இப்போது சர்க்கரை, பிரஷர் இரண்டும் வந்துவிட்டன. மூன்று மாதச் சராசரி 9.4. முதலில் ஓய்வெடுங்கள் என்கிறார் டாக்டர். ஆனால் நான் ஒரு நாள் இல்லையென்றால் கடை ஓடாது. வேலைக்கு இருக்கிற இரண்டு பையன்களை நம்பி விட முடியாது. பத்து நிமிஷத்தில் வீட்டுக்கே சாமான் கொடுக்கிற ஆப் வேறு வந்துவிட்டது. ஒரு நாள் அடைத்தாலும் வாடிக்கை போய்விடும். போன ஐப்பசியில் குடலிறக்க ஆபரேஷனுக்காகப் பதினொரு நாள் படுத்துவிட்டேன். அப்போது மட்டும் வீட்டுக்காரி கடையைப் பார்த்துக்கொண்டாள். வியாபாரம் ஒன்றும் குறையவில்லை, பழைய பாக்கிகூட இரண்டு வசூலாகியிருந்தது. பன்னிரண்டாம் நாள் நான் வந்ததும் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். ஊரில் அம்மா தனியாக இருக்கிறார்கள். ஆறு வருஷமாகக் கோயில் கொடைத் திருவிழாவுக்குக்கூடப் போக முடியவில்லை, எங்கள் வீட்டுப் பங்கு வரியை மட்டும் போனில் அனுப்பிவிடுகிறேன். என்னைப் போன்றவன் எப்படி அம்மா ஓய்வெடுப்பது?

– பெயர் வேண்டாம், சென்னை

பதில்: தம்பி, (தெருவே உங்களை அண்ணாச்சி என்று கூப்பிடும். எனக்கு உங்களைவிடப் பதினெட்டு வயது கூட, அதனால் தம்பி.)

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், எல்லாம் சரியாகிவிடும் என்று நான் எழுதப்போவதில்லை. டாக்டர் சொல்லிவிட்டார். நீங்களும் கேட்டுவிட்டு நேரே போய்க் கல்லாவில் உட்கார்ந்துகொண்டீர்கள். இந்தப் பக்கத்துக்கு இப்படிப்பட்ட கடிதம் மாதம் நாலைந்து வருகிறது. ஹார்டுவேர் கடைக்காரர் எழுதுவார், பேக்கரிக்காரர் எழுதுவார், அச்சகம் வைத்திருப்பவர் எழுதுவார். ‘நான் இல்லாவிட்டால் ஓடாது’ என்ற வரி எல்லாவற்றிலும் இருக்கும். உங்கள் கடிதத்தில்தான், அந்த வரி பொய் என்பதற்கான சாட்சியத்தையும் நீங்களே நாலு வரி தள்ளி எழுதியிருக்கிறீர்கள்.

பதினொரு நாள் கடை ஓடியிருக்கிறது. நீங்கள் இல்லாமல்.

அந்தப் பதினொரு நாளும் ஐந்தரைக்கு ஷட்டரைத் தூக்கியது யார்? பால் பாக்கெட்டை எண்ணி வாங்கியது யார்? எண்ணெய் ஏஜென்சிக்காரனிடம் விலை பேசியது யார்? நீங்கள் ‘நம்பி விட முடியாது’ என்கிற அந்த இரண்டு பையன்களிடம் வேலை வாங்கியது யார்? உங்களாலேயே வசூலிக்க முடியாமல் கிடந்த பாக்கி இரண்டை, அதுவும் புருஷன் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது, போய்க் கேட்டு வாங்கி வந்தது யார்? எனக்குத் தெரிந்து அந்த நாட்களில் உங்களுக்குக் கஞ்சி வைத்து எடுத்து வந்ததும் அதே கைதான். இத்தனையையும் ‘அப்போது மட்டும் வீட்டுக்காரி பார்த்துக்கொண்டாள்’ என்று ஒரே வரியில் தள்ளிவிட்டுப் போகிறீர்கள்.

அடுத்த வரி அதைவிட மோசம். பன்னிரண்டாம் நாள் வந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன் என்கிறீர்கள். குடலிறக்க ஆபரேஷன் செய்துகொண்டவரைச் சில வாரங்களுக்குக் கனம் தூக்காதே என்றுதான் எந்த டாக்டரும் சொல்லி அனுப்புவார். நீங்கள் தையல் ஆறுவதற்குள் ஓடி வந்திருக்கிறீர்கள். ஏன்? கடை ஓடவில்லை என்றா? கடை ஓடுகிறது என்று தெரிந்ததால்தான் வந்தீர்கள். அதுதான் உங்களுக்குப் பொறுக்கவில்லை.

கோபம் வரட்டும், பரவாயில்லை. 21 வருஷம் ‘அண்ணாச்சி இருந்தால்தான் கடை’ என்று ஊர் சொல்லக் கேட்டுப் பழகிய ஆளுக்கு, அண்ணி இருந்தாலும் அதே சாம்பார்ப் பொடி அதே விலைக்கு விற்கும் என்று தெரிவது கொஞ்சம் கஷ்டம்தான். எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் கஷ்டத்துக்குக் ‘குடும்பத்துக்காக உழைக்கிறேன்’ என்று பெயர் வைக்காதீர்கள். (பிள்ளைகள் இருக்கிறார்களா என்றுகூட உங்கள் கடிதத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை. கடைப் பையன்கள் எத்தனை பேர் என்பது தெரிகிறது.)

எங்கள் அப்பாவும் பலசரக்குக் கடைக்காரர்தான், தென்காசிப் பக்கம். அம்மா ஒரு நாளும் கல்லாவில் உட்கார்ந்ததில்லை. உட்கார விட்டதில்லை. கௌரவக் குறைச்சலாம். 1983-ல் ஒரு நாள் விடியக்காலையில், கடை திறக்கிற நேரத்தில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பதினாறாம் நாள் முடிந்து கடன் நோட்டை எடுத்துப் பார்த்தோம். ‘வேம்படி 340’ என்று இருந்தது. ‘சைக்கிள் 1,100’ என்று இருந்தது. ‘மேலத்தெரு தாத்தா, பாதி’ என்று ஒரு பக்கம். வேம்படி யார்? எந்தச் சைக்கிள்? பாதி என்றால் பாதி கொடுத்ததா, பாதி பாக்கியா? அப்பாவுக்கு எல்லாம் மனப்பாடம். அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. நாங்கள் கொடுக்க வேண்டியதைக் கேட்டு வந்தவர்கள் ஒருவர் விடாமல் வந்தார்கள். எங்களுக்குக் கொடுக்க வேண்டியவர்கள் நாலு பேர் வந்தார்கள். அந்த ஆவணிக்குள் கடையைக் கைமாற்றிவிட்டோம். அப்பா ராத்திரி பகலாக உழைத்தார், ஒரு நாள் ஓய்ந்து உட்கார்ந்ததில்லை என்று துக்கம் கேட்க வந்த எல்லோரும் சொன்னார்கள். அம்மா பதில் பேசவில்லை, அந்த நோட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தாள்.

அதனால் ஓய்வை உங்கள் உடம்புக்கான சலுகையாக நான் பேசவில்லை. கடையை வீட்டில் இன்னொருவருக்கும் தெரிய வைப்பது உங்கள் கடமை. அதை 21 வருஷமாகச் செய்யாமல் இருக்கிறீர்கள். நீங்கள் எழுந்து நகர்ந்தால்தான் இன்னொருவர் அந்த நாற்காலியில் உட்கார முடியும்.

இனி உடம்புக்கு வருகிறேன். உங்களுக்குக் கணக்குச் சொன்னால்தான் ஏறும். ஐந்தரையிலிருந்து பத்தரை வரை 17 மணி நேரம். வாரத்துக்கு 119. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-ல் ஓர் ஆய்வை வெளியிட்டன. வாரம் 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை செய்பவர்களுக்குப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் கூடுதல், மாரடைப்பு போன்ற இதய நோயால் சாகிற அபாயம் 17 சதவீதம் கூடுதல் என்றது அது. திங்கட்கிழமை எண்ண ஆரம்பித்தால், நீங்கள் வியாழக்கிழமை காலை டிபன் நேரத்துக்கே 55-ஐத் தாண்டிவிடுகிறீர்கள். வாரத்துக்கு மொத்தமே 168 மணி நேரம்தான். மிச்சமுள்ள 49-ஐ ஏழால் வகுத்தால் நாளைக்கு 7. குளியல், பூஜை, ராத்திரிச் சாப்பாடு, மறுநாள் சரக்குக் கணக்கு எல்லாம் போக எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள்? தூக்கம் குறைந்தால் சர்க்கரை ஏறும். 7-க்குக் கீழே இருக்க வேண்டிய சராசரி 9.4-ல் நிற்பதற்கு மாத்திரையை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் போதாது.

உங்கள் பையன்களுக்கு வாரம் ஒரு நாள் லீவு கொடுக்கிறீர்களா? கடைகள் நிறுவனங்கள் சட்டம் 1947-லேயே அதைக் கட்டாயமாக்கிவிட்டது. கொடுக்காமல் இருந்தால் அது தனிப் பாவம், அதற்கு இன்னொரு கடிதம் எழுத வேண்டியிருக்கும்.

வாடிக்கை போய்விடும் என்ற பயத்தைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். 2020 ஏப்ரலில் மதியம் ஒரு மணியோடு மளிகைக் கடைகளை அடைக்கச் சொல்லி அரசு உத்தரவு போட்டதே, ஞாபகம் இருக்கிறதா? உங்கள் தெரு பட்டினியா கிடந்தது? காலையிலேயே வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். நேரத்தைச் சொல்லிவிட்டால் சனம் பழகிக்கொள்ளும். பத்து நிமிஷத்தில் வருகிற ஆப், மாசக் கடைசியில் ‘ஒண்ணாம் தேதி தருகிறேன்’ என்றால் ஐந்து கிலோ அரிசி போட்டுக் கொடுக்குமா? உங்கள் நோட்டில் பெயர் உள்ளவர்கள் ஒரு ஞாயிறு அடைத்ததற்காக எங்கும் போக மாட்டார்கள்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். தினமும் மதியம் ஒன்றரையிலிருந்து நாலு வரை உங்கள் வீட்டம்மா கல்லாவில் உட்காரட்டும். அந்த நேரத்தில் நீங்கள் வீட்டுக்குப் போய், தட்டு போட்டுச் சாப்பிட்டுவிட்டுப் படுங்கள். ஞாயிறு மதியத்தோடு கடை அடைப்பு. கடன் நோட்டில் இனிமேல் முழுப் பெயர், தெரு, போன் நம்பர். ‘வேம்படி’ எல்லாம் வேண்டாம். கடைக் கணக்கில் அவருக்கென்று மாதம் ஒரு சம்பளம் எழுதி, அவர் பெயரில் வங்கியில் போடுங்கள். வீட்டு ஆளுக்கு என்ன சம்பளம் என்று கேட்டால், பதினொரு நாள் கூலி பாக்கி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. அவரைக் கடையில் உட்கார வைத்துவிட்டு, சமையலும் துவையலும் பழையபடி அவர் தலையில்தான் என்றால் நான் சொன்னதில் பாதியைக்கூட நீங்கள் கேட்டதாக ஆகாது. உங்கள் ஓய்வுக்கு அவர் ஓய்வை விலையாகக் கொடுக்கக் கூடாது. 21 வருஷம் அரிசி விற்றவருக்கு அதை உலையில் போட்டு வடிக்கத் தெரியாதா? ராத்திரிச் சாப்பாடு வாரத்தில் மூன்று நாள் உங்கள் பொறுப்பு.

அப்புறம் கொடை. வரி அனுப்பினேன் என்கிறீர்களே, தம்பி, உங்கள் அம்மா வரிக்காகவா வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்? வில்லுப்பாட்டு நடக்கும்போது, மற்ற வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் சென்னையிலிருந்தும் பம்பாயிலிருந்தும் வந்து உட்கார்ந்திருக்க, ‘உன் மவன் வரலியா?’ என்று கேட்கிறவர்களுக்கு ஆறு வருஷமாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இந்த வருஷம் போகிறீர்கள். குடும்பத்தோடு. அந்த நாலு நாள் உங்கள் வீட்டம்மாவும் கடையில் இருக்கக் கூடாது, பையன்களும் இருக்கக் கூடாது; கடை அடைப்பு. போர்டில் ‘தவிர்க்க முடியாத காரணங்களால்’ என்று எழுதாதீர்கள், செத்த வீடு மாதிரி. ‘கோயில் கொடையை முன்னிட்டு நான்கு நாள் விடுமுறை’ என்று பெரிய எழுத்தில் எழுதி, பத்து நாள் முன்பே மாட்டுங்கள். பாதி ஷட்டர் போடுகிற வேலை வேண்டாம். செந்தூர் எக்ஸ்பிரஸுக்கு 60 நாள் முன்பே முன்பதிவு திறந்துவிடும், அதனால் தேதியை இன்று ராத்திரியே அம்மாவிடம் கேட்டுவிடுங்கள்.

இந்தப் பதிலை உங்கள் வீட்டில் படிக்கக் கொடுங்கள். அந்தப் பழைய பாக்கி இரண்டையும் எப்படி வசூல் செய்தார் என்று அவரே எனக்கு எழுதட்டும், அடுத்த இதழில் போடுகிறேன். அவர் பெயரைப் போட்டு.