வாளையாறு விபத்து: பெயர் கொடுத்தால் கேஸ் வருமா?

தமிழ்நாடு-கேரள எல்லையில் உள்ள வாளையாறில் விபத்தில் அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தீர்கள், இப்போது போலீஸிடமிருந்து போன் வந்திருக்கிறது, பெயர் கொடுத்தால் கேஸ் வருமா என்று கேட்டிருந்தீர்கள். வராது. ரோட்டில் கிடந்தவரைப் பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்ததற்காக உங்கள் மீது வழக்குப் போட முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த 134ஏ பிரிவு நாடு முழுக்கச் செல்லும், கேரளா என்பதால் வேறு சட்டம் கிடையாது. பெயர், விலாசம் சொல்லச் சொல்லிப் போலீஸ் கட்டாயப்படுத்தக் கூடாது.

அப்புறம் ஏன் போன் வந்தது? கேஷுவாலிட்டியில் (அவசர சிகிச்சைப் பிரிவில்) "கொண்டு வந்தவர்" என்று உங்கள் நம்பரை எழுதியிருப்பார்கள். "சேர்த்தது மட்டும்தான் நான், சாட்சி சொல்ல விருப்பமில்லை" என்று தமிழிலேயே சொல்லுங்கள். அந்தப் பக்கம் பலருக்குத் தமிழ் புரியும். பார்த்ததைச் சொல்ல மனசிருந்தால் சொல்லலாம், அது உங்கள் இஷ்டம். என்னைக் கேட்டால் சொல்லுவேன். அடிபட்டவர் குடும்பத்துக்கு இழப்பீடு கிடைக்க அது உதவும்.

சந்தேகமாக இருந்தால் ஆஸ்பத்திரி வாசலில் பாருங்கள். உதவுபவரின் உரிமைகளை எழுதி வைக்க வேண்டும் என்பது விதி, ஆங்கிலத்திலும் இருக்கும்.

ஒன்று மட்டும்: மோதியது உங்கள் வண்டி என்றால் இந்தப் பாதுகாப்பு கிடையாது.

அடுத்த முறை 108 அழைக்கும்போது செக்போஸ்டுக்கு எந்தப் பக்கம் என்பதை முதலில் சொல்லுங்கள். எல்லையில் டவர் மாறி அழைப்பு அடுத்த மாநிலத்துக்குப் போய்விடலாம்.