கேமராவை ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள் தம்பி

சூலூர் விமானப்படைத் தளத்துப் பக்கம் வளர்ந்தவர், தேஜஸ் போர் விமானம் பறப்பதை மொட்டை மாடியிலிருந்து பார்த்தவர் என்று எழுதியிருந்தீர்கள். அடுத்த மாதம் வேலைக்காக சீனாவின் செங்டு நகருக்கு வருகிறீர்கள், கம்பெனி பார்த்துக் கொடுத்த வீடு சிங்யாங் வட்டாரத்தில், போர் விமானத் தொழிற்சாலைக்குப் பக்கம். சத்தம் தாங்குமா, படம் எடுக்கலாமா, பழைய சீனப் போர் விமானம் ஜே-7 இன்னும் பறக்கிறதா, இந்தியர் என்பதால் சங்கடம் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் அந்தப் பகுதியில் 14 வருடமாகக் குடியிருக்கிறேன், தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் படம் எடுக்கும் விஷயம். எடுக்காதீர்கள். 2010 கடைசியில் தொழிற்சாலையின் ஹுவாங்தியான்பா ஓடுபாதை வேலியோரம் கூட்டம் கூட்டமாக நின்று ஜே-20 என்ற புதுப் போர் விமானத்தைப் படம் பிடித்தார்கள். 2011 ஜனவரி 11 அன்று அது முதன்முதலாகப் பறந்ததை உலகம் தெரிந்துகொண்டதே அந்தப் படங்களால்தான். அதைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு ஆசை இருக்கும், எனக்கும் இருந்தது. வந்த புதிதில் ஒருநாள் சத்தம் கேட்டதும் பால்கனியில் நின்று ஃபோனை உயர்த்தினேன். பக்கத்துப் பால்கனியில் இருந்த பெரியவர் கை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கினார். ஒரு வார்த்தை பேசவில்லை. உளவுத் தடுப்புச் சட்டத்தை 2023 ஜூலை 1 முதல் இன்னும் இறுக்கியிருக்கிறார்கள். வெளிநாட்டுக்காரர் கையில் அப்படி ஒரு படம் இருந்தால் 'பொழுதுபோக்கு' என்று சொல்லித் தப்பிக்க முடியாது. கண்ணால் பாருங்கள், அது போதும். அப்புறம், வீட்டுக்கு வந்த 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் முகவரியைப் பதிந்துவிடுங்கள். ஹோட்டலில் அவர்களே பதிந்துவிடுவார்கள், வீடு என்றால் நாம்தான் போக வேண்டும்.

சத்தம் இருக்கும். கைக்குழந்தை இல்லாத வீட்டில் பழகிவிடும்.

ஜே-7 பற்றிக் கேட்டதற்குத்தான் நிறையச் சொல்ல வேண்டும். அந்த மணிக்கட்டைப் பிடித்த பெரியவர் 132-ஆம் ஆலையில், அதாவது இந்தப் போர் விமானத் தொழிற்சாலையில், ரிவெட் அடித்து ஓய்வு பெற்றவர். 1958-ல் தொடங்கிய அந்த ஆலையை இங்கே பழைய ஆட்கள் இன்னும் எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அவரை எல்லோரும் 'ஷிஃபு' என்பார்கள், நம் பட்டறையில் 'மேஸ்திரி' என்கிற மாதிரி. காது பாதி போய்விட்டது. விமானம் கிளம்பினால் ஜன்னல் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து அதிர்வைப் பார்த்துச் சிரிப்பார். ரென்மின் பூங்காவில் மல்லிகைத் தேநீர் குடிக்கும்போது தகர மேஜையின் ரிவெட்டுகளை விரலால் தடவி, எது சரியாக இறங்கவில்லை என்று சொல்லிவிடுவார். இன்றைய விமானங்களைப் பற்றி அவர் பேசுவதில்லை, நான் கேட்பதும் இல்லை. நீங்களும் கேட்கக் கூடாது. மியூசியத்துக்குப் போய்விட்ட ஜே-7 பற்றி மட்டும் மணிக்கணக்கில் பேசுவார்.

அது நம் மிக்-21-இன் உடன்பிறப்பு. நமக்கு சோவியத் உரிமத்தோடு வரைபடமும் ஆட்களும் வந்து நாசிக்கில் ஆலையே எழுந்தது. சீனாவுக்கு 1961-ல் ஒப்பந்தம் போட்டார்கள், அடுத்து உறவு கசந்தது, வரைபடங்கள் அரைகுறையாக வந்து சேர்ந்தன. கையில் கிடைத்த விமானத்தைப் பிரித்துப் பார்த்து, அளந்து, விடுபட்டதைத் தாங்களே கண்டுபிடித்து, 1966 ஜனவரி 17 அன்று ஷென்யாங்கில் பறக்கவிட்டார்கள். பிறகு வேலை செங்டுவுக்கும் குய்சோ மாகாணத்துக்கும் வந்தது. ஷிஃபு சிகரெட் பாக்கெட்டின் வெள்ளித்தாளை எடுத்து முக்கோணமாக மடிப்பார், அது பழைய இறக்கை. வெளிப்பாதியை மட்டும் கொஞ்சம் முன்னால் இழுத்து மறுபடி மடிப்பார். 1990-ல் பறந்த ஜே-7இ-யின் இறக்கை அது. சாய்வைக் குறைத்ததால் விமானம் இன்னும் நன்றாகத் திரும்பியது. பிரதி எடுக்கக் கற்றுக்கொண்ட கை சொந்தமாக ஒன்றைச் செய்தது அந்த மடிப்பில்தான் என்று எனக்குத் தோன்றும். ஜே-7-இன் ஒரு வகையான ஜே-7சி-யை வடிவமைத்த சோங் வென்சோங்தான் பிறகு வந்த ஜே-10 போர் விமானத்துக்கும் தலைமை வடிவமைப்பாளர். ஜே-10 முதலில் பறந்த 1998 மார்ச் 23-ஐயே தன் பிறந்தநாளாக மாற்றிக்கொண்டவர். 2016-ல் அந்த நாளுக்கு ஒருநாள் முன்பு இறந்துபோனார்.

இன்னும் பறக்கிறதா என்று கேட்டீர்கள். செங்டு வானத்தில் எதிர்பார்க்காதீர்கள். சீனப் படைப்பிரிவுகளில் அதன் இடத்தை ஜே-10, ஜே-16 எல்லாம் பிடித்துவிட்டன. பார்க்க வேண்டுமென்றால் பெய்ஜிங் விமான அருங்காட்சியகம் போங்கள், அங்கே தாராளமாகப் படம் எடுக்கலாம். ஆனால் பாகிஸ்தான், வங்கதேசம், நைஜீரியா, இலங்கை என்று எஃப்-7 பெயரில் விற்றதெல்லாம் இருக்கிறதே. இலங்கை விமானப்படை 1991-லேயே வாங்கியது, யாரை எதிர்த்துப் பறந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2,400-க்கு மேல் செய்து, கடைசி 16-ஐ 2013-ல் வங்கதேசத்துக்கு அனுப்பியதோடு உற்பத்தி நின்றது. அதில் ஒன்றுதான் 2025 ஜூலை 21 அன்று டாக்காவில் பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். அன்று ஷிஃபு என்னிடம் செய்தியை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். எந்த வருடம் செய்த விமானம் என்று மட்டும் கேட்டார். அதைச் செய்த காலத்தில் அவர் ஓய்வு பெற்றுவிட்டிருந்தார், ஆனாலும் கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். விபத்துக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். 1950-களின் வடிவமைப்பை 2013 வரை புதிது என்று விற்றிருக்கக் கூடாது, ஏழை நாடுகள் வேறு வழியில்லாமல் வாங்கியதை அதற்குச் சமாதானமாகவும் சொல்லக் கூடாது என்பது என் எண்ணம்.

ஜே-7-இன் வம்சம் முடிந்துவிடவும் இல்லை. அதன் பயிற்சி வடிவத்திலிருந்து குய்சோவில் ஜேஎல்-9 என்ற பயிற்சி விமானம் வந்தது. அதன் ஏற்றுமதி வகையான எஃப்டிசி-2000ஜி-யை 2022-ல் மியான்மர் ராணுவம் சேர்த்துக்கொண்டது. மூக்கும் காற்று உள்வாங்கும் வாயும் மாறிவிட்டாலும், பின்பகுதியைப் பார்த்தால் குடும்பச் சாயல் தெரியும்.

இந்தியர் என்பதால் வரும் சங்கடத்தை மறைக்க மாட்டேன். 2025 மே மாதம் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் சண்டை நடந்தபோது பாகிஸ்தானிடம் இருந்தது இந்த ஊர் ஜே-10சி. ஆலையின் பங்கு விலை ஏறியதை ஆபீஸ் கேன்டீனில் சந்தோஷமாகப் பேசினார்கள். யாரும் என்னிடம் வம்புக்கு வரவில்லை, அவர்களுக்கு அது ஊர்ப் பெருமை. எனக்குச் சோறு இறங்கவில்லை, எழுந்து வெளியே வந்துவிட்டேன். உங்களுக்கும் அப்படி ஒருநாள் வரலாம். வாதாடாதீர்கள், சிரித்து மழுப்பவும் வேண்டாம். "எங்கள் ஊர்ப் பையன்களும் எல்லையில் இருக்கிறார்கள்" என்று சொன்னால் புரிந்துகொள்கிற ஆட்கள்தான். அன்று சாயங்காலம் ஷிஃபு அதைப் பற்றி ஒன்றும் பேசாமல், பிபா என்று இங்கே சொல்கிற மஞ்சள் பழத்தைத் தோலுரித்து ஒவ்வொன்றாக என் தட்டில் வைத்துக்கொண்டிருந்தார்.

சரி, ஒரு உதவி. 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் நம் மிக்-21-ஐ வழியனுப்பிய படத்தை அவரிடம் ஃபோனில் காட்டினேன். காகிதத்தில் வேண்டும் என்கிறார். மறுநாள் தினசரி வீட்டில் எங்காவது மடித்துக் கிடந்தால் பெட்டியில் வைத்துக் கொண்டுவாருங்கள்.