முன்னாள் ராணுவ வீரரின் டிஸ்சார்ஜ் புக்கில் விடுபட்டுப்போன பதக்கங்களை இப்போது சேர்க்க முடியுமா?

கேள்வி: என் மாமனார் 1964-இல் இந்திய ராணுவத்தில் சேர்ந்தவர். 1965, 1971 இரண்டு போர்களின்போதும் பணியில் இருந்திருக்கிறார். ஆனால் விலகும்போது ராணுவம் கொடுத்த டிஸ்சார்ஜ் புக்கில் ஒரே ஒரு பதக்கம்தான் எழுதியிருக்கிறது. இத்தனை வருடம் கழித்து மற்றவற்றைச் சேர்க்க வழி உண்டா?

உண்டு. 1971 போருக்கான பூர்வி ஸ்டார் எங்கள் அப்பாவின் புக்கில் ஏறியது 2019 செப்டம்பரில். அப்போது அவருக்கு வயது எழுபத்தேழு. மூன்று விண்ணப்பங்கள், இரண்டு மறுப்புகள், ஒரு வருடம் எட்டு மாதம். அந்த அலைச்சலில் நான் கற்றுக்கொண்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பதக்கம் கேட்டு எழுதாதீர்கள். அவர் எந்தத் தேதியில், எந்த யூனிட்டோடு, எங்கே இருந்தார் என்ற பதிவைச் சரிசெய்யக் கேட்டு எழுதுங்கள். அது சரியானால் பதக்கம் தானாகப் பின்னால் வரும்.

நான் எழுதிய முதல் விண்ணப்பம் ஒன்றரைப் பக்கம். தாய்நாடு, தியாகம், தள்ளாத வயது எல்லாம் அதில் இருந்தன. ஒரு தேதிகூட இல்லை. "பணி ஆவணங்களில் மேற்படி பதக்கத்துக்கான பதிவு இல்லை" என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அன்றைக்கு வந்த கோபம் இப்போது இல்லை. அந்த மேசையில் இருப்பவர் வேறு என்ன எழுத முடியும்?

ராணுவத்தில் ஒரு சிப்பாய்க்கு நடப்பதெல்லாம் பார்ட் டூ ஆர்டர் என்ற காகிதத்தில் ஏற வேண்டும். லீவு, மாற்றல், பதவி உயர்வு, திருமணம், குழந்தை பிறப்பு, பதக்கம் எல்லாமே அதில்தான். அதை வெளியிடுவது யூனிட். அந்தப் படைப்பிரிவின் ரெக்கார்ட் ஆபீஸ் அதைப் பார்த்து, அவருடைய ஷீட் ரோல் என்ற பணிப் பதிவேட்டில் ஏற்றும். டிஸ்சார்ஜ் புக் அந்தப் பதிவேட்டிலிருந்து எடுத்து எழுதியதுதான். ஆகவே யூனிட் ஆர்டர் போடவில்லை என்றால், ரெக்கார்ட் ஆபீஸைப் பொறுத்தவரை அது நடக்கவே இல்லை.

அப்பா விஷயத்தில் நடந்தது இதுதான். அவர் டிரைவர். அவருடைய சொந்த யூனிட் போர்முனைக்குப் போகவில்லை. 1971 நவம்பர் கடைசியில் அவரை வண்டியோடு சேர்த்து வேறொரு யூனிட்டுக்கு அட்டாச்மென்ட்டில், அதாவது தற்காலிகமாக, கிழக்கே அனுப்பினார்கள். பிப்ரவரியில் திரும்பிவிட்டார். போன இடத்து யூனிட் தன் ஆட்களுக்கு மட்டும் பட்டியல் எடுத்தது. சொந்த யூனிட்டோ போர்ப் பகுதியிலேயே இல்லை. அதற்குப் பட்டியல் எடுக்கும் வேலையே இல்லை. இரண்டு பந்திக்கும் நடுவில் நின்றவர் இலையில் எதுவும் விழவில்லை. விடுபட்ட பதக்கங்களின் கதையைக் கிளறினால் பெரும்பாலும் இப்படி ஓர் அட்டாச்மென்ட்டோ, மாற்றலோ, ஆஸ்பத்திரி வாசமோ அடியில் இருக்கும் என்பது என் ஊகம்.

உங்கள் மாமனாருக்கு என்னென்ன உரியது என்பதை முதலில் கணக்கிடுங்கள். சில பதக்கங்களுக்குத் தேதி ஒன்றே போதும். 1965 ஆகஸ்ட் 5-ஆம் தேதி அன்று 180 நாள் பணி முடித்திருந்தவர்களுக்கு ரக்ஷா மெடல் உண்டு. போர்முனையைக் கண்ணால் பார்த்திருக்கவே வேண்டியதில்லை. 1972 ஆகஸ்ட் 15 அன்று பணியில் இருந்தவர்களுக்குச் சுதந்திரத்தின் இருபத்தைந்தாம் ஆண்டு மெடல். ஒன்பது ஆண்டு, இருபது ஆண்டு நீண்ட பணிக்கான மெடல்கள் தனி. புக்கின் முதல் பக்கத்தில் இருக்கும் சேர்ந்த தேதியையும் விலகிய தேதியையும் வைத்தே இவற்றைக் கேட்டுவிடலாம்.

இடத்தைப் பொறுத்தவைதான் கடினம். 1965 போர்ப் பகுதியில் இருந்தவர்களுக்குச் சமர் சேவா ஸ்டார், 1971-இல் கிழக்கு முனை என்றால் பூர்வி ஸ்டார், மேற்கு முனை என்றால் பஸ்சிமி ஸ்டார். காஷ்மீர், வடகிழக்கு எல்லை போன்ற இடங்களில் ஓராண்டு இருந்தவர்களுக்குச் சைன்ய சேவா மெடல். இவற்றுக்கெல்லாம் ஆள் அங்கே இருந்தார் என்பதைக் காட்டியாக வேண்டும்.

வீரதீர விருதுகளை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். வீர் சக்ரா, சேனா மெடல், டெஸ்பாட்ச் மென்ஷன் (போர் அறிக்கையில் பெயர் குறிப்பிடப்படுவது) எல்லாம் அந்தக் காலத்திலேயே மேலதிகாரி பரிந்துரைத்து, அரசிதழில் வந்திருக்க வேண்டியவை. அரசிதழில் வந்தும் புக்கில் ஏறாமல் போயிருந்தால் அந்த அரசிதழ்ப் பக்கத்தின் நகல் ஒன்றே போதும். அப்போது பரிந்துரையே இல்லை என்றால், "அவர் எத்தனை பேரைக் காப்பாற்றினார் தெரியுமா" என்று இப்போது ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதுவதில் பயன் இல்லை. அந்தக் கதை உண்மையாகவே இருக்கலாம். அதைத் தீர்மானிக்கிற இடம் அது இல்லை.

அடுத்து எண். மாமனார் நாயிப் சுபேதார் அல்லது அதற்கு மேல் ஆகி ஓய்வு பெற்றாரா? அப்படியென்றால் அவருக்கு இரண்டு எண்கள் இருக்கும். ஜே.சி. என்று தொடங்கும் எண் பின்னால் கிடைத்தது. போர்க்காலப் பட்டியல்களில் இருப்பது சிப்பாயாக இருந்தபோதைய பழைய எண். இரண்டையும் எழுதுங்கள். பெயர்ச் சிக்கல் இன்னும் மோசம். நம் ஊரில் முன்னெழுத்தும் பெயரும்தான். அங்கே எழுதுகிறவருக்கு அது புரியாமல் அப்பா பெயர் முன்னால் போயிருக்கும், ஊர்ப் பெயர் பின்னால் ஒட்டியிருக்கும், சாமி 'ஸ்வாமி' ஆகியிருக்கும். எங்கள் அப்பா பெயர் மூன்று காகிதங்களில் மூன்று விதமாக இருந்தது. "இம்மூவரும் ஒருவரே" என்று நோட்டரி முன்னால் உறுதிமொழிப் பத்திரம் எழுதியபோது அவரே சிரித்துவிட்டார்.

இணையத்தில் தேடியிருந்தால் டிடி 214, டிடி 149 என்று படிவங்கள் கண்ணில் பட்டிருக்கும். அவை அமெரிக்கப் படைகளுக்கானவை. அங்கே பணிப் பதிவைத் திருத்துவதற்கென்றே வாரியம் உண்டு. நம்மிடம் அப்படி ஒன்று இல்லை. அங்கேயும் எல்லாம் சுலபம் இல்லை. செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்தில் 1973 ஜூலை 12-ஆம் தேதி பிடித்த தீயில் 1.6 கோடிக்கும் மேற்பட்ட கோப்புகள் சாம்பலாயின. அங்கே தீ செய்ததை இங்கே விதியே செய்கிறது: பென்ஷன் இல்லாமல் விலகியவர்களின் பணி ஆவணங்களை இருபத்தைந்து ஆண்டு கழித்து அழித்துவிடலாம் என்று ராணுவ ஒழுங்குவிதிகளின் 595-ஆவது பத்தி சொல்கிறது. மிஞ்சுவது லாங் ரோல் என்ற பேரேட்டில் அவரைப் பற்றிய சுருக்கமான குறிப்பு மட்டும். உங்கள் மாமனார் பென்ஷன்காரர் என்றால் இந்தக் கவலை வேண்டாம். இல்லையென்றால் உங்கள் வீட்டில் இருக்கும் காகிதம்தான் ஏறக்குறைய எல்லாம். டிஸ்சார்ஜ் புக்கை லேமினேட் செய்கிறேன் என்று கெடுத்துவிடாதீர்கள்.

விண்ணப்பம் போக வேண்டியது அவருடைய படைப்பிரிவின் ரெக்கார்ட் ஆபீஸுக்கு. மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு, சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், பீரங்கிப் படை என்றால் நாசிக் ரோடு. நேரடியாகவும் அனுப்பலாம், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாகவும் அனுப்பலாம். நான் இரண்டையும் செய்தேன். நல அலுவலகத்தின் முகப்புக் கடிதத்தோடு போனதற்குத்தான் பதில் சீக்கிரம் வந்தது. பென்ஷன் ஸ்பர்ஷ் தளத்தில் வருகிறதே என்று அங்கே திருத்தம் கேட்காதீர்கள்; அது பணத்துக்கான இடம், பதக்கத்துக்கு இல்லை.

இரண்டாவது மறுப்புக்குப் பிறகு தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி அப்பாவின் ஷீட் ரோல் நகலைக் கேட்டோம். கேட்டவர் அப்பா, கையெழுத்தும் அப்பாவுடையது. பிள்ளைகள் பெயரில் கேட்டால் மூன்றாம் நபர் தகவல் என்று திருப்பிவிட இடம் உண்டு. வந்த நகலில் 1971 நவம்பர் முதல் 1972 பிப்ரவரி வரை ஒரு வரிகூட இல்லை. எனக்கு அந்த வெற்றிடம் பெரிய உதவியாகப் போயிற்று. எதைக் கேட்க வேண்டும் என்பது அப்போதுதான் தெளிவாகத் தெரிந்தது.

பிறகு ஆள் தேடும் படலம். முன்னாள் படைவீரர்களுக்கான இசிஎச்எஸ் பாலிகிளினிக் பெஞ்சிலும் கேன்டீன் வரிசையிலும் அப்பா வாரக்கணக்கில் விசாரித்தார். எனக்கு அது வீண் வேலையாகத் தோன்றியது. ஆனால் அவர் அட்டாச்மென்ட்டில் போன அதே யூனிட்டில் இருந்த சுபேதார் ஒருவர் பக்கத்து மாவட்டத்தில் இருப்பது அந்தப் பெஞ்சில்தான் தெரியவந்தது. போய்ப் பார்த்தோம். அவருக்கு அப்பாவின் முகம் நினைவில்லை. "முன்பக்கக் கண்ணாடி உடைந்த வண்டி, சாக்குப் படுதா கட்டி ஓட்டினானே, மெட்ராஸி டிரைவர்" என்றார். அப்பா, "அது நான்தான் சாப்" என்றார். அவர் கொடுத்த வாக்குமூலத்தோடு, பூர்வி ஸ்டார் பதிவாகியிருந்த அவருடைய புக்கின் நகலையும் இணைத்தோம்.

ஆனாலும் காரியத்தை முடித்தது ஒரு கடிதம். அப்பாவின் கறுப்பு டிரங்குப் பெட்டியில், கம்பளிக்கு அடியில் அம்மாவின் இன்லண்ட் லெட்டர் ஒன்று கிடைத்தது. திருமணமாகி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. முகவரியை ஊர் வாத்தியார் எழுதிக் கொடுத்திருந்தார். அப்பாவின் எண், பெயர், அட்டாச்மென்ட் யூனிட்டின் பெயர், கீழே 99 ஏ.பி.ஓ. ராணுவத் தபாலில் 56 ஏ.பி.ஓ. என்றால் வடக்கு, மேற்குப் பக்கம். 99 என்றால் கிழக்கு. மேலே கட்டாயமாக ஒட்ட வேண்டியிருந்த ஐந்து பைசா அகதிகள் நிவாரண ஸ்டாம்ப். வங்காள அகதிகளுக்காக அந்த நவம்பரில்தான் அது வந்திருந்தது. பின்பக்கம் களத் தபால் நிலையத்தின் வட்ட முத்திரை, டிசம்பர் 14, 1971 என்ற தேதியோடு. தேதி, யூனிட், இடம் மூன்றும் ஒரே காகிதத்தில்.

மூன்றாவது விண்ணப்பம் முக்கால் பக்கம்தான். பதக்கம் என்ற சொல்லையே கடைசி வரியில்தான் எழுதினேன். ஐந்து மாதம் கழித்து டிஸ்சார்ஜ் புக்கை அசலாக அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினோம். அட்டாச்மென்ட் காலமும் ஸ்டாரும் எழுதப்பட்டு, முத்திரையோடு திரும்பி வந்தது. மெடல் கைக்கு வந்தது கொரோனா ஊரடங்கெல்லாம் தளர்ந்த பிறகு. கன்டோன்மென்ட் கடைகளில் அச்சு அசலாக விற்கிறார்கள், வாங்கித் தந்துவிடட்டுமா என்று இடையில் கேட்டேன். "புக்கில் ஏறிவிட்டது, போதும் கிளார்க்கு" என்றார். இந்த வேலையில் இறங்கியதிலிருந்து எனக்கு அதுதான் பெயர். பணமாக ஒரு ரூபாயும் வரவில்லை. அதை எதிர்பார்த்து யாராவது உங்களைத் தூண்டினால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

மறுத்துவிட்டால் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது. சென்னையில் அதற்கு ஓர் அமர்வு உண்டு. கடைசி மறுப்பு வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். தாமதத்துக்குக் காரணம் காட்டலாம் என்றாலும், காரணத்தோடு கூடிய மறுப்பை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. மாமனார் காலமாகியிருந்தால் மாமியார் பெயரில் விண்ணப்பம் போகட்டும்.

இன்னும் ஒன்று. எதை அனுப்பினாலும் முன்பக்கம், பின்பக்கம், உள்பக்கம் எல்லாவற்றையும் முதலில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவின் கடிதத்தை நான் அசலாக அனுப்பினேன். அசல் இருந்தால்தான் நம்புவார்கள் என்று நினைத்தேன். புக் திரும்பி வந்த உறையில் அது இல்லை. இரண்டு முறை கேட்டு எழுதியும் பதில் இல்லை. என்னிடம் ஜெராக்ஸ் இருக்கிறது, ஆனால் எடுத்தது முகவரிப் பக்கமும் முத்திரைப் பக்கமும்தான். உள்ளே பசு கன்று ஈன்றதையும், ரேடியோவில் செய்தி கேட்க டீக்கடைக்கு ஆள் அனுப்புவதையும் அம்மா எழுதியிருந்தார். அதற்கு மேல் என்ன இருந்தது என்று எனக்கு இப்போது நினைவில்லை. அப்பாவிடம் கேட்டால், "அதான் வந்துவிட்டதே" என்று மெடல் இருக்கும் பெட்டியைக் காட்டுகிறார்.