வீட்டு உரிமையாளரும் அதே வீட்டில் இருந்தால் பிரிட்டனில் ஊனமுற்றோர் உதவித்தொகை குறையுமா?

குறையாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வேலை செய்யும் வயதினருக்கான முக்கிய உதவித்தொகை 'பிப்' (தனிநபர் சுதந்திரக் கொடுப்பனவு). 2013 முதல் நடைமுறையில் உள்ளது. சமைக்க, குளிக்க, உடை மாற்ற, வெளியே போய்வர உங்களுக்கு எவ்வளவு சிரமம் என்பதை மட்டுமே இது பார்க்கும். வருமானம், சேமிப்பு, வாடகை, கூட இருப்பவர் யார் என்பதெல்லாம் கணக்கில் வராது. கண்ணாடியின் பவரைப் போல: பார்வையைப் பொறுத்து மாறுமே தவிர, வீட்டில் எத்தனை பேர் என்பதைப் பொறுத்து அல்ல. உரிமையாளர் அம்மா அன்பாகச் சமைத்துக் கொடுத்தாலும், உங்களுக்கு உதவி தேவை என்பது தேவைதான்.

வாடகைக்கான உதவி வேறு கதை. அது யூனிவர்சல் கிரெடிட் என்ற, குறைந்த வருமானத்தினருக்கான அரசு உதவித்தொகையில் வரும். வருமானமும் சேமிப்பும் பார்ப்பார்கள். 35 வயதுக்குட்பட்ட தனியாளுக்குப் பொதுவாக, பகிர்ந்து வாழும் அறைக்கான குறைந்த வரம்புதான். ஆனால் பிப்பின் அன்றாட வாழ்க்கைப் பகுதி (சமையல், குளியல் போன்றவற்றில் உள்ள சிரமத்துக்கானது) கிடைப்பவருக்கு ஒரு படுக்கையறை வீட்டுக்கான வரம்பு பொருந்தும். உண்மையான வாடகையைத் தாண்டித் தரமாட்டார்கள். உரிமையாளர் பெற்றோரோ உடன்பிறந்தவரோ ஆகி, அதே வீட்டில் வசித்தால் வாடகை உதவி கிடையாது. பிப் அப்போதும் தொடரும்.

ஒரே சமையலறை என்பதால் உரிமையாளரின் சம்பளமும் உங்கள் கணக்கில் சேரும் என்பது தவறான எண்ணம். யூனிவர்சல் கிரெடிட்டில் துணைவரின் வருமானம்தான் சேரும்.