கேற்றுக்கு அடிக்கிற எனாமல் கராஜ் கதவுக்குச் சரிவருமா?

கேள்வி: பாசையூரில் கடலுக்குக் கிட்ட வீடு. கராஜ் கதவு நாலு பலகையாக வளைந்து மேலே ஏறுகிற தகடு. பெயின்ற் வெளிறி, கீழ்ப் பலகையில் துருவும் வந்துவிட்டது. கேற்றுக்கு அடிக்கிற எனாமலே போதும் என்று கடையில் 4 லீற்றர் பேணி தந்தார்கள், இன்னும் உடைக்கவில்லை. நானே அடிக்கலாமா?

பதில்: தாராளமாக அடிக்கலாம், ஆனால் அந்தப் பேணியை உடைக்காமல் பில்லோடு கொண்டுபோய் மாற்றித் தரக் கேளுங்கள். முதலில் கதவில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது அநேகமாகக் கல்வனைஸ் தகடு, அதாவது இரும்பின்மேல் நாகம் (சிங்க் உலோகம்) பூசியது. பழைய பெயின்ற் போய் நாகம் வெளியே தெரிகிற இடத்தில் எண்ணெய் எனாமலை நேரே அடித்தால், எண்ணெயும் நாகமும் சேர்ந்து இடையில் சவர்க்காரம் போல ஒரு படை உண்டாகி, பிறகு பெயின்ற் தோல் தோலாக உரியும். வெறும் இரும்புக் கேற்றில் இந்தச் சிக்கல் இல்லை.

கல்வனைஸுக்கு என்று பேணியில் எழுதியிருக்கிற பிறைமரும் (முதற்பூச்சு), வெளிவேலைக்கான அக்ரிலிக் பெயின்றும் வாங்குங்கள். 8 அடிக்கு 7 அடி கதவு என்றால் 56 சதுர அடிதான், வெளிப்பக்கம் இரண்டு பூச்சுக்கு ஒரு லீற்றரே ஏறத்தாழக் காணும், எதற்கு 4 லீற்றர்? தடிப்பாகப் பூசினால் கதவின் பாரமும் கூடும், கதவைத் தூக்கிக் கொடுக்கிற ஸ்பிறிங்கின் சமநிலை கெடும்.

உப்புக் காற்றுப் படிந்த கதவு, ஆகவே சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, கடைசியில் நல்ல தண்ணீரால் அலசுங்கள், உங்கள் கிணறு உவர் என்றால் அந்தத் தண்ணீர் வேண்டாம். காய்ந்ததும் கையால் தேய்த்துப் பாருங்கள், மாவு போல ஒட்டினால் இன்னும் கழுவ வேண்டும். அப்புறம் 220 சாண்ட் பேப்பரால் மெல்லத் தேய்க்கலாம். துருவை மினுங்கும் வரை சுரண்டி, அங்கே மட்டும் துருத் தடுப்புப் பிறைமர்.

மோட்டர் இருந்தால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். கீழ் மூலையில் கம்பி வடம் பிடித்த தகட்டையும் ஸ்பிறிங்கையும் தயவுசெய்து தொடவே வேண்டாம், அந்த இழுவிசை கையை முறிக்கும். ரப்பர், சில்லு, பிணைச்சலில் பெயின்ற் படக்கூடாது. உள்ளே ஃபோம் வைத்த கதவானால் கடும் நிறம் தவிருங்கள், பின்னேர வெயிலில் பலகை வளையும்.

சோளகக் காற்றுக் காலத்தில் புழுதி ஒட்டும், மாரியில் காயாது. மாசி, பங்குனியில் காலைப் பனி காய்ந்தபின், கதவில் நேரே வெயில் விழாத நேரமாகத் தொடங்குங்கள். மூட்டுகளுக்குக் கதவைப் பாதி உயர்த்தி, வளைவில் விரிகிற இடத்தில் மெல்லியதாகப் பூசி, நன்றாகக் காய்ந்த பிறகே இறக்குங்கள், இல்லாவிட்டால் பலகையோடு பலகை ஒட்டி, திறக்கும்போது புதுப் பெயின்ற் பிய்ந்து வரும்.